கழுதைத்தீவு ரேடியோ

"நான் பறந்து என்ன பிரயோஜனம், டெல்மா? உங்க அண்ணன் படகைக் கண்டுபிடிச்சாலும் ரேடியோ இல்லாம யாருகிட்ட சொல்றது?" என்றாள் நளாயினி.

சிப்பித்திடல் ஓடுதளத்தில் நின்ற அந்தக் குட்டி விமானத்துக்கு அவள்தான் விமானி. அதன் ரேடியோவுக்கு அவளைவிட வயது அதிகம். அன்று காலை பார்த்துத்தானா அது வாயை மூடிக்கொள்ள வேண்டும்! டெல்மாவின் அண்ணன் ரொசாரியோ கடலுக்குப் போய் மூன்று நாள் ஆகிறது. அவன் கொண்டுபோன குடிநீர் இரண்டு நாளுக்குத்தான் வரும்.

மெக்கானிக் இசக்கிராஜ் ரேடியோப் பெட்டியை உருவிப் பார்த்தான், திரும்பச் செருகினான். மூச்சில்லை. திடீரென்று துள்ளினான். "கழுதைத்தீவு! அஞ்சு வருசம் முன்னாடி மணல்ல இறங்கி மாட்டிக்கிட்ட விமானம் இருக்குல்லா? அதுலயும் இதே ரேடியோதான்க்கா!"

"கடல் உள்வாங்கியிருக்கு, நடந்தே போயிரலாம்" என்றாள் டெல்மா. "ஆனா ரெண்டு மணி நேரத்துல திரும்பிரணும்!"

மூவரும் தண்ணீரில் இறங்கினார்கள். டெல்மா கம்பால் தட்டித் தட்டி வழி பார்த்தாள்.

"காலைத் தூக்கி வைக்காதீங்கக்கா, தேய்ச்சு நடங்க! மண்ணுக்குள்ள திருக்கை படுத்திருக்கும்."

"மிதிச்சா?"

"வால் முள்ளு ஏறிரும்."

"தேய்ச்சா மட்டும் ஓடிருமா?" நளாயினிக்கு எல்லாம் தெரிந்தாக வேண்டும். சொல்லி வாய் மூடவில்லை, அவள் காலருகே மணல் கிளம்பி ஒரு கறுப்பு விரிப்பு வழுக்கிக்கொண்டு ஓடியது! அதன்பின் அவள் கேள்வியைக் குறைத்துக்கொண்டாள்.

தீவில் விமானம் ஒரு சிறகை மணலில் புதைத்துச் சாய்ந்து கிடந்தது. சன்னல் வழியே கருவேலங்கிளை உள்ளே புகுந்திருந்தது. இருக்கையில் நண்டுகள் குடியிருந்தன. இசக்கிராஜ் முள்ளைப் பொருட்படுத்தாமல் புகுந்து, ரேடியோவின் முகப்பிலிருந்த ஒற்றைத் திருகைக் கழற்றினான். பெட்டி வழுக்கி வந்தது. அதன் பின்புறப் பித்தளை முனைகள் பளபளவென்று இருந்தன.

"புதையல்!" என்று கூவினான்.

"தண்ணி ஏறுது! ஓடுங்க!" என்றாள் டெல்மா.

முழங்கால் ஆழம் மார்பளவு ஆகிவிட்டது. பெட்டியைத் தார்ப்பாயில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு கரையேறினார்கள். இசக்கிராஜ் அதை விமானத்தில் செருகி, சுவிட்சைப் போட்டான்.

சத்தமே இல்லை.

டெல்மா அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டாள். நளாயினி மட்டும் பெட்டியை மறுபடி உருவித் திருப்பினாள். "இசக்கி, தீவுல இது பளபளன்னு இருந்துச்சே. இப்ப முனையில ஏன் மஞ்சளா ஒட்டியிருக்கு?"

முகர்ந்து பார்த்தாள். சந்தனம்!

இசக்கிராஜின் முகம் சுண்டிப்போனது. "ஆயுத பூசைக்கு வருசா வருசம் நம்ம ரேடியோவைக் கழட்டிச் சந்தனப் பொட்டு வைப்பேன்க்கா. முன்னாடி வச்சா நம்பர் மறையும்னு பின்னாடி வச்சேன்."

ஏழு வருடச் சந்தனம் பொருக்குத் தட்டி, பெட்டி போய்ப் பொருந்தும் துளைகளை அடைத்திருந்தது. அந்த மஞ்சளைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண்ணுக்குக் காலையில் அது தப்பாகவே படவில்லை.

பல் துலக்கும் பிரஷ்ஷும் ஸ்பிரிட்டும் வந்தன. துளைகளையும் பழைய பெட்டியின் முனைகளையும் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தான். தங்கள் பழைய ரேடியோவையே செருகினான். கரகரவென்று ஓர் இரைச்சல், அதற்குள் ஒரு மனிதக் குரல்!

அடுத்த பத்தாவது நிமிடம் விமானம் கடல்மேல் இருந்தது. பின்சீட்டில் டெல்மா கண்ணாடியோடு முகத்தை ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா! அங்க, படகுல சிவப்புச் சாரம் கட்டிக்கிட்டு! எங்க அண்ணன்தான்!"

நளாயினி இடத்தைச் சொன்னாள். "தெளிவாகக் கேட்கிறது. மீட்புப் படகு புறப்படுகிறது" என்று பதில் வந்தது. டெல்மா விமானியின் தோளைப் பிடித்து உலுக்கிய உலுக்கலில் விமானமே ஒரு பக்கம் சாய்ந்தது.

பொழுது சாயுமுன் ரொசாரியோ கரை சேர்ந்தான். ஒரு குடம் தண்ணீரைக் குடித்த பிறகுதான் தங்கையைத் திரும்பிப் பார்த்தான். பெட்டியைக் குறை சொல்லுமுன் அது பொருந்தும் இடத்தையும் பார்க்க வேண்டும் என்பதை இசக்கிராஜ் அன்று கற்றுக்கொண்டான்.

சந்தனத்தை மட்டும் அவன் விடவில்லை. அடுத்த ஆயுத பூஜையில், அலமாரியில் இருந்த கழுதைத்தீவு ரேடியோவுக்கு முன்னும் பின்னுமாகப் பொட்டு வைத்தான். ஆனால் முதல் பொட்டை வைத்தவள் டெல்மா.