சிவப்புக் கயிற்றின் மறுமுனை

"பாக்காததே நல்லதும்மா. பாத்திருந்தா காலத்துக்கும் கண்ணுக்குள்ளயே நிக்கும்."

"அத்த, ஒரே ஒரு தடவ..."

"பேசாத தாயி. பச்ச மண்ணு. ஆம்பளைங்க போயி நல்லபடியா வச்சுட்டு வந்துட்டாங்க. நீ கையத் தூக்கு."

தினேஸ்வரி கையைத் தூக்கினாள். ஈப்போவில், சிலிபின் வீட்டின் பின்னறையில், கதவைச் சாத்திவிட்டு, மாமியார் முத்தம்மா மல்லிகைச் சரத்தை அவள் மார்பில் சுற்றி, அதன்மேல் பழைய வேட்டித் துணியை இறுக்கிக் கட்டினார். பால் வற்ற அதுதான் கைவைத்தியம். பூ வாட வாட அவிழ்த்துப் புதிது வைத்தார். குடிக்க வாயில்லாத பால் அந்தப் பூவின் வாசத்திலேயே அடங்கிப்போனது. அவள் மயக்கத்தில் இருந்தபோதே பிறந்து, அழாமலேயே போய்விட்ட மகனை யாரும் அவள் கையில் கொடுக்கவில்லை. எங்கே புதைத்தார்கள் என்றும் சொல்லவில்லை. தாய்க்குச் சொல்லக்கூடாதாம். கேட்க நினைத்ததை அன்று அவள் கேட்டு முடிக்கவில்லை. அதற்குப் பிறகு கேட்கவே இல்லை.

புதைத்துவிட்டு வந்த அன்று அவள் கணவன் விக்னேஸ்வரன் சட்டைக்குள் ஒரு நாய்க்குட்டியை வைத்துக்கொண்டு வந்தான். வழியில கெடந்துச்சு என்றான். எந்த வழி என்று சொல்லவில்லை. காப்பித்தூள் நிறத்தில் இருந்ததால் அதற்குக் கோப்பி என்று பெயர் வைத்தார்கள்.

மூன்று வருடம் ஆகிவிட்டது. கிள்ளானுக்குக் குடிபோன பிறகு, இப்போதுதான் முதல்முறையாக ஈப்போ. சனி, ஞாயிறு இரண்டு நாள் நன்றாகச் சாப்பிட்டுச் சுற்றிவிட்டு வரலாம், கோப்பியையும் கூட்டிக்கொள்ளலாம் என்று விக்னேஸ் சொன்னபோது அவளும் சரி என்றாள். நாயை உள்ளே விடும் கடைகள் எவை, தங்குமிடம் எது என்று போனில் தேடி எடுத்ததும் அவள்தான். டவுனில் ஓட்டல்கள் எல்லாம் கையை விரித்துவிட்டன. கம்பார் பக்கம், பழைய எஸ்டேட் வீடு ஒன்றைப் புதுப்பித்து வாடகைக்கு விடுகிறார்கள், நாய்க்குத் தடையில்லை என்று போட்டிருந்தது. எஸ்டேட்டின் பழைய பெயர் அதில் இல்லை.

பழைய டவுன் காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தபோதுதான் அது தொடங்கியது.

வறுத்த காப்பிக்கொட்டையில் உருகிய மார்ஜரின் மணம், சுவரில் சுழலும் மின்விசிறியின் கிறீச்சொலி, பக்கத்து மேசையில் தவ்கே முளைப்பயறும் வெந்த கோழியும் வைத்துக்கொண்டு கதைபேசும் சீனக் குடும்பம் என்று எல்லாம் சாதாரணமாகத்தான் இருந்தது. பரிமாறும் பெண் கோப்பிக்குக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்துவிட்டு, பேபிக்கு உப்பில்லாமல் கோழி வேகவைத்துத் தரவா, மம்மிக்கு ஐஸ் போடவா என்று மலாயில் கேட்டாள். நாய் வைத்திருப்பவர்களை இந்தக் கடைகளில் அப்படித்தான் அழைக்கிறார்கள். தினேஸ்வரி சிரித்துவைத்தாள். அப்போது ரவிக்கையின் முன்பக்கம் நனைந்திருப்பதை உணர்ந்தாள். ஐஸ் தண்ணீர் சிந்திவிட்டது என்றுதான் நினைத்தாள். ஆனால் ஈரம் வெதுவெதுப்பாக இருந்தது.

கழிவறையில் தாழிட்டுப் பார்த்தாள். நீலம் பாய்ந்த வெளிர் வெள்ளை. விரலில் பிசுபிசுத்தது. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு வெளியே வந்தாள். இதை எந்த வார்த்தையில் விக்னேஸிடம் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

வெளியே சந்தில் கோப்பியின் நடையும் மாறியிருந்தது. எப்போதும் கயிறு அறுந்துவிடும்போல இழுத்துக்கொண்டு ஓடும் நாய் அது. யாரு யார நடத்துறதுன்னே தெரியலலா என்று விக்னேஸ் கேலி செய்வான். இன்று அது நாலடி நடந்தது. நின்றது. தன் பக்கவாட்டில் தாழ்வாக எதையோ பார்த்துக் காத்திருந்தது. பிறகு மறுபடி நாலடி.

"வயசாயிருச்சு போல நம்ம ஆளுக்கு," என்றான் விக்னேஸ். லிட்டில் இந்தியாவில் இறங்கி ஓடிப்போய், கச்சாங் பூத்தே கடலைப் பொட்டலத்தோடு ஒரு முழம் மல்லிகையும் வாங்கிவந்து நீட்டினான். "தலையில வச்சிக்க தினேஸ். எத்தன நாளாச்சு நீ பூ வச்சு."

பின்னறையில் நடந்தது பெண்களோடு போயிற்று. அவனுக்கு எப்படித் தெரியும்? தலைவலி என்று சொல்லிப் பூவைக் காரின் கண்ணாடியில் மாட்டிவிட்டாள். ஏசிக் காற்றில் அந்த வாசம் வண்டி முழுக்க நிறைந்தது. அவள் மார்பு வலித்தது.

சுண்ணாம்புக் குன்றுகளைத் தாண்டி, பெரிய சாலையிலிருந்து செம்பனைகளுக்கு நடுவே போகும் மண்பாதைக்குள் திரும்பச் சொன்னது போன். விக்னேஸ் வண்டியை நிறுத்தினான். இந்த வழிதானா என்று கேட்டான். பிறகும் ஒரு தடவை கேட்டான். ஸ்டியரிங்கில் அவன் விரல்கள் வெளுத்திருந்தன. டவுனுக்கே திரும்பிவிடலாமே என்றான். கோப்பியை எந்த ஓட்டலில் விடுவார்கள் என்று அவள் கேட்டாள். அவன் வண்டியை மண்பாதைக்குள் திருப்பினான். பின்சீட்டில் கோப்பி எழுந்து நின்று வாலை ஆட்டியது.

அது ஒரு காலத்தில் எஸ்டேட்டில் கணக்கெழுதிய கிராணியின் வீடாம். வெள்ளைச் சாயம், புதுக் கூரை, குளியலறையில் சுடுதண்ணீர். சாவியோடு காத்திருந்த கனகராஜ் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர், இப்போது வீட்டைப் பார்த்துக்கொள்பவர். அடுப்பு எப்படிப் பற்றவைப்பது என்று காட்டிக்கொண்டிருந்தவர் விக்னேஸின் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"தம்பி, நீங்க ஐயாவு அண்ணன் மகன்தானே? மழையில ஒரு தடவ அப்பாகூட வந்திங்கல்லா."

ஆள் மாறிப் பார்க்கிறீர்கள் என்று விக்னேஸ் முனகினான். கனகராஜ் மேலே கேட்கவில்லை. குனிந்து கோப்பியின் மடிந்த காதைத் தொட்டார்.

"இதுவும் இங்கத்துக் குட்டிதான் போல. பின்னால மட்டும் விடாதீங்க தங்கச்சி. கால்வாய்க்கு அந்தாண்ட பழைய பொதைகாடு. சின்னப் புள்ளைங்கள வச்ச எடம்."

அவர் மோட்டார் சைக்கிளின் சத்தம் செம்பனைகளுக்குள் தேய்ந்து மறையும்வரை அவள் அசையவில்லை. ஐயாவு, காலமாகிவிட்ட மாமனாரின் பெயர். விக்னேஸ் காரிலிருந்து பைகளை இறக்கிக்கொண்டிருந்தான். ஒரு பையை இரண்டு முறை இறக்கினான். அவளை மட்டும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கேள்வி அவள் தொண்டைவரை வந்தது. மூன்று வருடமாக அங்கேதான் இருந்தது. அங்கேயே நின்றது.

மழை பிடித்துக்கொண்டது. படுத்தாள்.

அறைக்குள் புளித்த வாடை ஒன்று மெல்லப் பரவியது, உறைந்துபோன ரப்பர் பாலின் வாடை, சிறுவயதில் உறவுக்காரர் வீட்டு மரங்களுக்கடியில் பால் பிடிக்கும் மங்குகளை எட்டிப் பார்க்கும்போது மூக்கில் ஏறுமே அதே வாடை, இத்தனைக்கும் இந்தப் பக்கம் ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நட்டு எத்தனையோ காலம் ஆகிவிட்டது. கூரையில் மழை ஒரே சீராக இறங்கியது. கண் செருகியது. மார்பின் கனம் குறைந்துகொண்டே வந்தது. சுகமாக இருந்தது. விட்டுவிட்டு ஒரு இழுப்பு. மென்மையான இழுப்பு. தூக்கத்திலேயே கையை வளைத்து அணைத்துக்கொண்டாள். உள்ளங்கைக்குள் ஈரமாக, பஞ்சுபோல முடி. கோப்பி, என்று நினைத்தாள்.

கண்ணைத் திறந்தாள்.

கோப்பி அறைவாசலில் உட்கார்ந்திருந்தது. அவள் மார்பையே பார்த்து வாலை மெதுவாக ஆட்டிக்கொண்டிருந்தது.

கைக்குள் ஒன்றும் இல்லை. முழங்கை மடிப்பில், தலையணையில், ரவிக்கையின் திறந்த கொக்கிகளில் எல்லாம் செம்மண். ஈரச் செம்மண்.

அவள் கத்தவில்லை. மழையில் நனைந்தபடி காருக்கு ஓடினாள், கண்ணாடியில் தொங்கிய மல்லிகையைப் பிடுங்கினாள், குளியலறையில் தாழிட்டுக்கொண்டு முத்தம்மா கட்டியதுபோலவே சுற்றி, மேலே துண்டால் இறுக்கினாள். மூச்சு முட்டும்வரை இறுக்கினாள். வலி அடங்கியது. கசிவு நின்றது.

வெளியே அழுகை கேட்டது.

பூனையாக இருக்கலாம் என்று நினைத்தாள். மெலிதாக, விக்கி விக்கி, கால்வாய்ப் பக்கமிருந்து வந்தது. நிறுத்தத் தெரியாத அழுகை. கோப்பியும் அதனோடு சேர்ந்து ஊளையிட்டது.

விக்னேஸ் குளியலறைக் கதவைத் தட்டினான். திறந்தாள். அவன் முகம் சாம்பலாகியிருந்தது. கெளம்பு, இங்க இருக்க வேணாம் என்றான். அவனுக்கும் கேட்டிருக்கிறது.

"இங்கதானே வச்சீங்க?" என்றாள்.

அவன் கட்டிலில் உட்கார்ந்தான்.

"அப்பா சொன்ன எடம். நம்ம ஆளுங்க எல்லாரும் இங்கதான இருக்காங்கன்னாரு. மூடிட்டுத் திரும்புறேன், இந்தக் குட்டி அந்த மண்ணு மேல போயி சுருண்டு படுத்துக்கிச்சு. வெரட்டினேன். போகல. அவன விட்டுட்டுத்தான் வந்தேன். இதையும் விட்டுட்டு வர மனசு வரல தினேஸ்."

அவனை அணைத்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது அவளுக்கு. இத்தனை நாள் இதைத் தனியாகச் சுமந்திருக்கிறான். ஆனால் அழுகை நின்றிருந்தது. ஊளையும் நின்றிருந்தது. இருவரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள்.

கோப்பி இல்லை.

சமையலறையின் பின்கதவு திறந்து கிடந்தது. அதற்கு வெளியே உள்ள இரும்புக் கிராதி சாத்தியேதான் இருந்தது, ஒரு நாய் நெளிந்து போகும் இடைவெளி மட்டும் கீழே. கதவோரம் ஆணியில் அவள் மாட்டியிருந்த சிவப்புக் கயிற்றைக் காணோம்.

"நீ மாட்டி விட்டியா?"

அவள் தலையசைத்தாள். இல்லை.

விளக்கு வைக்கும் நேரம். வெளிச்சம் செம்பனை ஓலைகளுக்குள் வடிந்து, மரங்களின் வரிசை மட்டும் ஒன்றன்பின் ஒன்றாகக் கறுத்து நின்றது. மழை தூறலாகியிருந்தது. விக்னேஸ் கிராதியைப் பிடித்துக்கொண்டு கோப்பியைக் கூப்பிட்டான்.

மணி கேட்டது. கோப்பியின் கழுத்து மணி.

ஓடிவரும் மணி அல்ல. நாலடி. நின்றது. மறுபடி நாலடி. இடையில் வேறொரு சத்தம், சேற்றில் எதையோ பதித்து எடுப்பதுபோல. சின்னதாக. தடுமாறி.

நடை பழகும் பிள்ளைக்காக நிற்பதுபோல நின்று நின்று வந்தது அந்த மணி. இருந்திருந்தால் ஓடும் வயது. ஆனால் யார் அவனுக்கு நடக்கச் சொல்லிக் கொடுத்தார்கள்?

சமையலறை விளக்கின் மஞ்சள் கட்டத்துக்குள் கோப்பியின் மூக்கு வந்தது. பிறகு தலை. பிறகு கழுத்து வாரில் பூட்டிய சிவப்புக் கயிறு.

கயிறு தரையில் இழுபடவில்லை.

கோப்பியின் கழுத்திலிருந்து பின்னால், மேலேறி, விறைப்பாக. அதில் மழைத்துளிகள் வரிசையாகத் தொங்கின. மறுமுனையின் பிடி அவள் முழங்கால் உயரத்தில் நின்றது. காற்றில். வளையம் நசுங்கி மூடியிருந்தது, எதுவோ அதை இறுகப் பற்றியிருப்பதுபோல.

"பாக்காத தினேஸ்."

அவன் அம்மா சொன்ன அதே சொல். அவன் கை அவள் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தது.

தினேஸ்வரி துண்டை அவிழ்த்தாள். சரம் அறுந்து மல்லிகை சிமெண்டுத் தரையில் சிதறியது. பால் இறங்கியது. தாழ்ப்பாளை நீக்கினாள். கிராதி திறந்தது. ஈர மண்ணின் குளிர் அவள் கால்வரை வந்தது.

கயிறு ஒருமுறை ஆடியது. கிட்டே வந்தது.

"தினேஸ், அது நம்ம புள்ள இல்ல. கேளு. நம்ம புள்ள இல்ல."

அவள் வாசல்படியில் முட்டிபோட்டு இரண்டு கைகளையும் நீட்டினாள். முத்தம்மாவிடம் பாதியில் நின்றது, ஆஸ்பத்திரியில், சிலிபினில், கிள்ளானில், ஒவ்வொரு ராத்திரியும் விக்னேஸின் முதுகைப் பார்த்தபடி விழுங்கியது, இப்போது தானாகவே வந்தது. அவள் குரல் உடையவில்லை.

"ஒரே ஒரு தடவ அவன என் கையில குடுங்க."

கயிறு தரையில் விழுந்தது.

கோப்பி பல்லைக் காட்டிக்கொண்டு பின்னால் நகர்ந்தது.

நீட்டியிருந்த அவள் கைகள், கனம் தாங்காமல், மெல்ல மெல்லக் கீழே இறங்கின.