தொண்டைக்குழியில் ஒரு துடிப்பு

நோயாளியின் காறை எலும்புகள் இரண்டும் சந்திக்கிற பள்ளத்தில் விரலை வைத்ததும் அவளுக்குத் திக்கென்றது. தோலுக்கடியில் ஏதோ துடித்தது.

அங்கே எதுவும் துடிக்கக் கூடாது. கழுத்தின் பெரிய தமனிகள் மூச்சுக்குழாய்க்கு இருபுறமும் ஒதுங்கி ஓடுபவை. சிலருக்கு மட்டும் வழி மாறிப்போகும். ஒன்று வளைந்து தொண்டையின் பின்சுவரை ஒட்டி நிற்கும். ஒன்று மார்பிலிருந்து அளவுக்கு மீறி மேலேறி மூச்சுக்குழாயின் குறுக்கே படுத்திருக்கும். தெரியாமல் கத்தியை வைத்தால் ஆளே போய்விடும். அதனால்தான் அறுவை மருத்துவரான அவள், ஸ்கேன் எவ்வளவு தெளிவாக இருந்தாலும், எந்தக் கழுத்தையும் விரலால் ஒருமுறை தடவிப் பார்க்காமல் விடமாட்டாள்.

"நேத்து இது இல்லையே," என்றாள்.

கட்டிலில் சாய்ந்திருந்த தையல்காரப் பெண்ணுக்குக் கழுத்துக் கட்டி மூச்சை நெரித்தது. பேச்சு விட்டுவிட்டுத்தான் வந்தது. "இருக்கு டாக்டரம்மா. நீங்க பக்கத்துல வந்தா துடிக்கும். போனதும் அடங்கிடும்."

அறுவை அரங்கில் அவளோடு எப்போதும் எதிரே நின்று உதவுகிற அவள் கணவன், ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். தன் விரலையும் வைத்துப் பார்த்தான்.

"ஒண்ணுமில்லயே. ரெண்டு தமனியும் சமத்தா அதது இடத்துல இருக்கு. நீ சரியாத் தூங்கல, அதான்."

"ஆபரேஷனை நாளைக்கு வச்சுக்கலாமாங்க?"

"அதுவரைக்கும் இவங்க மூச்சு தாங்குமா, சொல்லு."

தாங்காது. அது அவளுக்கும் தெரியும்.

நண்பகலில் அரங்கின் பெரிய விளக்கு கழுத்தின் மேல் வட்டமாக விழுந்தது. குளிர்சாதனக் கருவியின் முனகலும், சுடுகருவி பட்டுத் தசை பொசுங்கும் வாடையும், நோயாளியின் இதயத்தை நிதானமாக எண்ணிக்கொண்டிருந்த மானிட்டரின் ஒலியும் அவளுக்குப் பழகியவைதான் என்றாலும், இன்று ஒவ்வொன்றும் தனித்தனியாகக் காதில், மூக்கில் வந்து உறுத்தியது. தசையை விலக்கினாள். மூச்சுக்குழாயின் குறுக்கே, பென்சில் பருமனில், ஈரமாக மின்னிக்கொண்டு அந்தத் தமனி கிடந்தது.

"அட, நீ சொன்னது சரிதான்!" என்றான் கணவன். "ஸ்கேன்ல எப்படி விட்டுப்போச்சு?"

அவள் காது கொடுத்துக் கேட்டாள். மானிட்டர் மெதுவாக அடித்தது. அந்த ரத்தக்குழாய் வேகமாகத் துடித்தது. ஒரே உடம்பில் இரண்டு தாளமா?

பின்னால் ஒரு எஃகுத் தட்டு தரையில் விழுந்து அலறியது. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. குழாயும் துள்ளியது. மானிட்டரின் தாளம் அசையவில்லை.

மூச்சை இழுத்துப் பிடித்தாள். துடிப்பு தளர்ந்தது. விட்டாள். மறுபடி விரைந்தது.

கையுறையோடு தன் கழுத்தைத் தொட முடியாது. "சிஸ்டர், என் கழுத்துல நாடி பாருங்க."

"எதுக்கு டாக்டர்?"

"பாருங்கன்னா பாருங்க."

நர்ஸின் குளிர்ந்த விரல்கள் வலப்பக்கம் அழுத்தின. நகர்ந்தன. இடப்பக்கம் தேடின. வெகுநேரம் தேடின.

"கிடைக்கல டாக்டர். எனக்குத்தான் சரியாப் பார்க்க வரலையோ என்னமோ."

"உயிரோடதானே இருக்கீங்க?" என்று மயக்க மருத்துவர் சிரித்தார். யாரோ கூடச் சிரித்தார்கள்.

"மூடிடலாங்க," என்றாள். குரல் பிசிறியது. "தையல் போட்டு மூடிடலாம்."

"கட்டிய எடுக்காமலா? விளையாடறியா?"

அவள் கையை வெடுக்கென்று வெளியே இழுத்தாள். கத்தரி நுனி ஒரு சிரையைக் கீறியது. ரத்தம் குபுக்கென்று பொங்கிக் குழியை நிறைத்தது.

"தள்ளு, நான் பார்த்துக்கறேன்." அவன் கை இடுக்கியோடு உள்ளே போனது.

"வேணாம், அதை..."

க்ளிக்.

அவள் கண்ணில் விளக்கின் ஓரங்கள் இருண்டன. இடது கை பொத்தென்று பக்கவாட்டில் விழுந்தது. நாக்கு மரத்தது. நெஞ்சு அடித்தது. தலைக்கு ரத்தம் ஏறவில்லை.

"சிரையோட சேர்த்து அந்தக் குழாயையும் பிடிச்சிருக்கேன்," அவன் குரல் எங்கோ தொலைவில். "பாரு, மானிட்டர் அசையவே இல்ல. கட்டிக்கு ரத்தம் கொண்டுபோற உபரிக் குழாய்தான். நூல் குடுங்க சிஸ்டர்."

எடுங்க. எடுங்க. உதடு அசையவில்லை. மேசை விளிம்பு இடுப்பைத் தாங்கியதால் விழாமல் நின்றாள். முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும்.

ஒரு முடிச்சு. இன்னொன்று.

கத்தரியை விரித்து இரண்டு முடிச்சுக்கும் நடுவே வைத்துவிட்டு, வழக்கம்போல அவன் நிமிர்ந்து அவளைக் கேட்டான்.

"வெட்டிடவாம்மா?"

அவள் தலை மெல்ல முன்னால் சரிந்தது.

"சரி," என்றான் அவன்.