உளுந்து பரப்பிய சாலை

மர்யத்தின் கை அத்தாவின் வயிற்றைச் சுற்றி எட்டாது. அவள் எட்டு வயதுப் பிள்ளை. அத்தா ஜெக்கரியாவுக்கோ துபாயில் தின்று சேர்த்த தொந்தி. பைக்கில் பின்னால் உட்கார்ந்தால் அவர் சட்டையின் இரண்டு பக்கத்தையும் கொத்தாகப் பிடித்துக்கொள்வதுதான் அவள் வழக்கம். இன்றைக்கு, மயிலாடுதுறையில் பெருநாள் துணி எடுத்துக்கொண்டு ஊருக்குத் திரும்பும் வழியில், அவருடைய தொப்புளுக்கு நேரே விரல்கள் ஒன்றோடொன்று கோத்திருந்தன.

"அட, அதுக்குள்ள வளந்துட்டியே தங்கம்!" என்றார் ஜெக்கரியா, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

விரல்கள் மட்டும் கொஞ்சம் இறுகின.

தூக்கக் கலக்கம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டார். ஊரில் அவரைக் கேலி செய்யாத ஆளில்லை. "பாய் வண்டிய மாட்டு வண்டி முந்திக்கிட்டுப் போவுது" என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். கல்யாணமாகி ரொம்பக் காலம் காத்திருந்து பிறந்த ஒரே பிள்ளை. அதைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வருகிறவன் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டுதான் வர வேண்டும். ஓட்டும்போது போனை எடுக்க மாட்டார். தலையைத் திருப்பிப் பேச மாட்டார். பின்னால் வருவதைக் கண்ணாடி சொல்லும், அதை மூச்சுக்கு ஒருதரம் பார்த்துக்கொள்வார். நோன்பில் நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக் கிடந்தாலும் கவனம் பிசகவில்லை. பாவி மனுஷன், அவர் கவனத்தில் ஒரு குறை சொல்ல முடியாது.

பங்குனி வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. சாலையின் இரண்டு பக்கமும் உளுந்து பிடுங்கி வெறுமையான வயல்கள். பச்சையும் காய்ந்ததும் கலந்த செடியின் நெடி, தூசி, டீசல் புகை. களத்துக்கு எங்கே போவது? பிடுங்கிய செடியைத் தார்ச்சாலையில் பரப்பிவிட்டால் போகிற வருகிற பஸ்ஸும் லாரியும் ஏறி மிதித்து மணியை உதிர்த்துக் கொடுத்துவிடும். ஒதுங்கிப் போகிற வண்டிகளையும் விடமாட்டார்கள், கையை ஆட்டிக் கூப்பிட்டு "மேல ஏத்திப் போங்க" என்பார்கள். நாலு சக்கரத்துக்கு அது ஒன்றுமில்லை. பைக்குக்குத்தான் வினை. செடி வழுக்கும், நடுவில் பிரேக்கைத் தொட்டால் தொலைந்தது.

சற்று முன்பு அப்படித்தான் ஒரு பரப்பலைக் கடந்தார். எதிரே லாரி, ஒதுங்க இடமில்லை. புதிதாகக் கொட்டிய செடி முழங்கால் உயரத்துக்குக் கிடந்தது. கியரைக் குறைத்து, பிரேக்கைத் தொடாமல், ஊர்ந்து ஊர்ந்து வெளியே வந்துவிட்டார். நடுவில் வண்டி ஒருமுறை தூக்கிப் போட்டது. பின்பக்கம் லேசாகி, மறுபடி கனத்தது.

வெளியே வந்ததும் கண்ணாடியைப் பார்த்தார். உளுந்துக்காரி செவ்வந்தி, அவர் மளிகைக் கடைக்கு வாடிக்கைக்காரி, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டிக்கொண்டு ஓடி வந்தாள். 'இன்னொரு தரம் ஏத்திட்டுப் போங்க பாய்ங்கிறா' என்று சிரித்துக்கொண்டார். அவளுக்குப் பின்னால் ஒரு பஸ் வந்தது. அவள் அதன் பக்கம் திரும்பி இன்னும் வேகமாகக் கையை ஆட்டினாள். டிரைவர் புரிந்துகொண்டவன் போல ஒரு ஹாரன் அடித்துவிட்டுக் குவியலின் மேலேயே நன்றாக ஏற்றிக்கொண்டு வந்தான்.

நல்ல மனுஷன், என்று ஜெக்கரியா நினைத்தார்.

அந்த பஸ்தான் இப்போது அவரை முந்திப் போனது. தூசியும் அனலும் முகத்தில் அறைந்தன. அதன் பின்சக்கரத்து மேற்கூட்டில் உளுந்துச் செடி கொத்தாகச் சிக்கித் தொங்கியது. செடியோடு ரோஸ் நிறத்தில் ஒரு துணிக் கிழிசல் படபடத்தது. எதிரே நெல் மூட்டை லாரி வந்ததால் அவர் கண்ணை அதற்குக் கொடுத்தார்.

சட்டைப் பையில் போன் அடித்தது. நின்றது. உடனே மறுபடி அடித்தது.

"ஒங்க அம்மாதான். நோன்பு தொறக்க நேரமாவுதுல்ல, அதான் பதறுறா" என்றார் பின்னால் பார்த்து அல்ல, காற்றைப் பார்த்து. "மர்யம், தூங்கிட்டியாம்மா?"

விரல்கள் இறுகின.

அப்போதுதான் அவருக்கு இன்னொன்று உறைத்தது. கடைத்தெருவில் வாங்கியதை அங்கேயே போட்டுக்கொண்டாளே, கண்ணாடி வளையல்! வழி முழுக்கப் பள்ளத்துக்குப் பள்ளம் கலகலத்துக்கொண்டு வந்த சத்தம் இல்லை. எப்போது நின்றது என்று யோசித்தார். நினைவுக்கு வரவில்லை. பிள்ளை முதுகில் கன்னத்தைச் சாய்த்துத் தூங்கினால் அந்த இடம் வேர்த்துச் சூடாக இருக்கும். இன்று முதுகு ஈரமாக இருந்தது. சூடு இல்லை. வாய்க்கால் சேற்றில் சாய்ந்த மாதிரி ஒரு குளிர்ச்சி, சட்டையைத் தாண்டி உள்ளே இறங்கியது.

குனிந்து கையைப் பார்க்கலாம். ஒரு நொடி போதும்.

எதிரே டிராக்டர். அதற்குப் பின்னால் கார். பார்க்க முடியவில்லை. உள்ளதைச் சொன்னால், பார்க்கப் பயமாக இருந்தது.

கண்ணாடியில் ஒரு பைக் தெரிந்தது. தலைதெறிக்க வந்தது. செவ்வந்தியின் தம்பி பகலவன். ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டு பக்கவாட்டில் வந்து சேர்ந்தான்.

"பாய்! நிறுத்துங்க பாய்! எத்தன போனு போட்டோம்! புள்ள உளுந்துல விழுந்துடுச்சு! கைய ஆட்டி ஆட்டி மறிச்சோம், பஸ்காரன் நிக்காம..."

பேச்சு பாதியில் நின்றது. அவன் கண் ஜெக்கரியாவின் முகத்திலிருந்து நகர்ந்து அவர் முதுகுக்குப் பின்னால் போனது. போன இடத்திலேயே நின்றது.

"அப்ப... இது..."

அவன் வண்டி பின்தங்கியது. கண்ணாடியில் பார்த்தார்: நடுச்சாலையில் இரண்டு காலையும் ஊன்றி நிற்கிறான். கிட்டே வரவில்லை.

ஜெக்கரியா பிரேக்கை அழுத்தினார். வண்டி நின்றது. புள்ள விழுந்துடுச்சு. எங்கே விழுந்தது? இதோ இருக்கிறதே கை. இருக்கிறதே!

குனிந்தார்.

நீளமான விரல்கள். கணுக் கணுவாகத் தடித்தவை. நகக்கண்ணில் மண். வளையல் இல்லை. எந்த வளையலும் ஏறாத மணிக்கட்டு.

கலிமா சொல்ல வாயைத் திறந்தார். காய்ந்த நாக்கு புரளவில்லை. கண்ணாடியில் பார்த்த, குவியலின் மேல் ஏறி வந்த அந்த பஸ் மட்டும் திரும்பத் திரும்ப நெஞ்சுக்குள் ஓடியது. அவர் பார்த்தார். எல்லாவற்றையும் பார்த்தார். பார்த்துவிட்டுச் சிரித்தார்.

வண்டியைத் திருப்பினார். எது உட்கார்ந்திருக்கிறதோ உட்காரட்டும். பிள்ளையிடம் போக வேண்டும். வந்த வழியெல்லாம் 'யா அல்லாஹ், யா அல்லாஹ்' என்று குழறிக்கொண்டு போனார். வயிற்றில் கோத்த விரல்கள் அசையவே இல்லை. பகலவனைக் கடந்தபோது அவன் முகத்தை மூடிக்கொண்டான்.

செடிக் குவியலைச் சுற்றிக் கூட்டம். சாலையோரத்தில் செவ்வந்தி உட்கார்ந்திருந்தாள். மடியில் மர்யம். இடுப்புக்குக் கீழே யாரோ வேட்டியால் மூடியிருந்தார்கள்.

"உசுரு இருக்கு பாய்!" என்று செவ்வந்தி கதறினாள். "ஆம்புலன்சுக்குச் சொல்லியாச்சு, ஓடியாங்க! அத்தா அத்தான்னு ஒங்களத்தான் கேக்குது!"

சொல்லிவிட்டு நிமிர்ந்தாள். அவர் முதுகுக்குப் பின்னால் பார்த்ததும் பிள்ளையை இறுக்கிக்கொண்டாள்.

ஜெக்கரியா இறங்கக் காலைத் தூக்கினார். தூக்க முடியவில்லை. விரல்கள் வயிற்றில் அழுந்தின. ஒவ்வொன்றாகப் பிரித்தார், பிரித்த விரல் மறுபடி வந்து கோத்துக்கொண்டது. பற்களைக் கடித்துக்கொண்டு உதறினார். வண்டி ஆடியது. அவர் சீட்டைவிட்டு எழவில்லை.

"யாராச்சும் புடிங்களேன்! என்னை எறக்கி விடுங்களேன்!"

கூட்டம் பின்வாங்கியது. ஒருவர். இன்னொருவர். வரப்பில் இறங்கி, வயலுக்குள். செவ்வந்தி மட்டும் எழவில்லை, மடியில் பிள்ளை இருந்ததால்.

எங்கோ பாங்கு சொன்னார்கள்.

மர்யம் கண்ணைத் திறந்தாள். வண்டியிலிருந்து அவள் கிடந்த இடத்துக்கு நாலடி இருக்கும். உதடு அசைந்தது. அத்தா.

"இங்கதாண்டா இருக்கேன் தங்கம். அத்தாவப் பாரு. அத்தாவ மட்டும் பாரு."

பார்த்தாள். பிறகு கண் மேலே ஏறியது. அவருடைய இடது தோளுக்கு மேலே. அங்கே நின்றது. விரிந்தது. செவ்வந்தியின் மடிக்குள் முகத்தைப் புதைக்கத் தலையைத் திருப்பப் பார்த்தாள். கழுத்தில் தெம்பில்லை.

"அங்க பாக்காதடா! அத்தாவப் பாரு! மர்யம்!"

கண் திரும்பவில்லை. அந்த இடத்தையே பார்த்தபடி அசைவற்றுப் போனது. இறங்கிப்போய் அந்தக் கண்ணை மூடிவிடக்கூட அந்த விரல்கள் அவரை விடவில்லை.