கூரையில் ஒரு ஐந்து கால் மாடு

பன்னிரண்டாவது நாளும் பட்டாசு வெடிக்கவில்லை.

பட்டாசு என்றால் நிஜப் பட்டாசு அல்ல. ஏழு வயதுப் பையன். காலையில் கண் விழித்ததும் பேச ஆரம்பித்தால், தூக்கத்தில்கூட நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் ஓய்வான். அதனால் தெருவே சேர்ந்து வைத்த பெயர் அது. மாடிப்படிக் கைப்பிடியில் சறுக்கி விளையாடியவன், ஒரு நாள் பிடி தவறிக் கீழே விழுந்தான். தொடை எலும்பு முறிந்துவிட்டது.

இப்போது அவன் மருத்துவமனையில், குழந்தைகள் வார்டில் கிடக்கிறான். மல்லாந்துதான் படுக்க வேண்டும். காலைத் தூக்கிக் கட்டி, கயிற்றின் மறுநுனியில் ஒரு எடையைத் தொங்கவிட்டிருந்தார்கள். எழுந்து உட்காரக் கூடாது. புரளவும் கூடாது.

அவன் அக்காவுக்குப் பத்து வயது. ஆள் பொடிசு, வாய் காரம். அவள் பெயர் மிளகு.

பள்ளிவிட்டு நேராக வார்டுக்கு வந்த மிளகு, கதவருகே டாக்டர் தன் அம்மாவிடம் பேசுவதைக் கேட்டு அப்படியே நின்றாள்.

"மூணு வாரம் கழிச்சு எக்ஸ்ரே எடுப்போம்மா. எலும்பு கூடியிருந்தா வீட்டுக்குப் போகலாம். ஆனா பையன் சாப்பிடவே மாட்டேங்கிறானே! எலும்பு எதை வெச்சுக் கூடும்? இப்படியே போனா இன்னும் ஒரு மாசம் இங்கதான்."

அம்மா கையில் இருந்த தட்டைப் பார்த்தாள். வேகவைத்த முட்டை முழுசாக அப்படியே இருந்தது.

இன்னும் ஒரு மாதமா? மிளகுக்கு வீட்டில் சண்டை போடக்கூட ஆள் இல்லை.

"டேய், அக்கா வந்திருக்கேன்" என்றபடி கட்டிலருகே போனாள்.

பட்டாசு மேலேயே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒட்டகச்சிவிங்கி என்ன சொல்லுது?"

"எது?" என்றான் பட்டாசு. பன்னிரண்டு நாளில் அவன் பேசிய மூன்றாவது வார்த்தை அது.

"என்னடா எதுன்னு கேக்குற? இந்தச் சுவர்ல வரைஞ்சிருக்கே, இவ்வளவு பெருசு! வாசல்ல நுழைஞ்சதும் எல்லாரும் ஆகா ஓகோன்னு பாக்குறாங்களே!"

"நான் பாக்கலை."

மிளகு நிமிர்ந்தாள். ஒட்டகச்சிவிங்கி அவன் தலைக்குப் பின்னால் இருந்த சுவரில் நின்றது. பக்கத்துச் சுவரில் ரயில் போயிற்று. ஆனால் கட்டிலின் இரண்டு பக்கமும் பச்சைத் திரை. எதிரே தூக்கிக் கட்டிய கால். அவன் எங்கே பார்ப்பான்?

மிளகுக்குச் சட்டென்று ஒரு யோசனை. பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஏறி, மல்லாந்து படுத்தாள்.

ஒட்டகச்சிவிங்கி காணோம். ரயில் காணோம். மேலே வெள்ளைச் சதுரங்கள் மட்டும். ஒவ்வொரு சதுரத்திலும் பொடிப்பொடி ஓட்டைகள்.

"ஒரு சதுரத்துல நூத்தி நாப்பத்து நாலு ஓட்டை" என்றான் பட்டாசு மெதுவாக. "எல்லாத்துலயும் அதேதான். எண்ணிட்டேன்."

நின்று பார்க்கிறவர்களுக்காக எல்லாச் சுவரிலும் வரைந்துவிட்டு, படுத்துக் கிடக்கிறவனை மறந்துவிட்டார்களே!

அப்போதுதான் அது நடந்தது.

கூரை நகர்ந்தது!

மிளகு மூச்சைப் பிடித்துக்கொண்டாள். தலைக்கு நேர் மேலே ஒரு வெள்ளைச் சதுரம் மெல்ல உயர்ந்தது. பக்கவாட்டில் சரிந்தது. கறுப்பாக ஒரு இடைவெளி. அதற்குள்ளிருந்து ஒரு கை நீண்டது. கையைத் தொடர்ந்து ஒரு தலை, தலைகீழாக எட்டிப் பார்த்தது.

"யாரு பாப்பா, புது நோயாளியா?" என்றது தலை.

மின்விளக்கு, மின்விசிறி எல்லாவற்றையும் பழுதுபார்க்கும் கரண்ட் மாமா!

"மாமா! அந்தச் சதுரம் தனியா கழண்டு வருமா?"

"எல்லாமே கழண்டு வரும். சும்மா எடுத்துச் சொருகி வெச்சிருக்கு, அவ்வளவுதான். இல்லேன்னா நான் எப்படி ஒயரைப் பாக்குறது?"

மிளகு கட்டிலிலிருந்து குதித்தாள்.

"அங்க யாரு கட்டில்ல ஏறினது?" என்று ஒரு குரல் வார்டை அதிர வைத்தது. பெரிய சிஸ்டர். அவர் நடந்து வந்தால் ஊசி மருந்துக் குப்பிகள்கூட அட்டென்ஷனில் நிற்கும் என்பார் கரண்ட் மாமா.

"சிஸ்டர், நீங்க இந்த வார்டுல எத்தனை வருஷமா இருக்கீங்க?"

"பதினெட்டு வருஷம். அதுக்கென்ன இப்போ?"

"ஒரு தடவையாவது படுத்துப் பாத்திருக்கீங்களா?"

"நான் எதுக்குடி படுக்கணும்? எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்!"

"ஒரே ஒரு நிமிஷம் சிஸ்டர். ப்ளீஸ்."

பெரிய சிஸ்டர் அம்மாவைப் பார்த்தார். அம்மா, எனக்கு எதுவும் தெரியாது என்பதுபோல் கையை விரித்தாள். கரண்ட் மாமா கூரையிலிருந்து, "படுங்க சிஸ்டர், நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றார்.

சிஸ்டர் முறைத்தார். பிறகு வேண்டாவெறுப்பாகக் கட்டிலில் சாய்ந்தார். படுத்தார். மேலே பார்த்தார்.

ஒரு நிமிடம் ஆயிற்று. இரண்டு நிமிடம் ஆயிற்று.

எழுந்தபோது அவர் குரல் பாதியாகக் குறைந்திருந்தது. "சரி, சொல்லு. என்ன வேணும்?"

கூரைச் சதுரத்தில் படம் வரைய வேண்டும் என்று மிளகு சொன்னாள்.

"இங்க பெயிண்ட் அடிக்கவே கூடாது. மூச்சுத்திணறல் இருக்கிற குழந்தைங்க இருக்காங்க."

"இங்க அடிக்கலை சிஸ்டர். அந்தச் சதுரப் பலகையைக் கழட்டி எடுத்துட்டுப் போய், வெளியில அடிச்சு, காயவெச்சுக் கொண்டு வர்றோம்."

"துடைச்சா போகாத பெயிண்டா இருக்கணும். மூணு நாள் வெயில்ல காயணும். கொண்டு வந்ததும் நான் மோந்து பாப்பேன். துளி வாடை வந்தாலும் திருப்பி அனுப்பிடுவேன். முதல்ல ஒண்ணே ஒண்ணு. திங்கட்கிழமை சாயங்காலம்தான் கரண்ட் மாமாவுக்கு நேரம். புரிஞ்சுதா?"

அன்று வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமைக்குள் வரைந்தாக வேண்டும்!

கரண்ட் மாமா சாமான் அறையிலிருந்து, மூலை உடைந்த பழைய பலகை ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பலகை தயார். பெயிண்டுக்கு எங்கே போவது?

அதற்கு மிளகு ரொம்ப யோசிக்கவில்லை. அவள் அப்பா வேலை பார்ப்பதே பெயிண்ட் கடையில்தான். வாடிக்கையாளர் கேட்கிற நிறத்தை மெஷினில் கலந்து கொடுப்பார். ஒரு சொட்டு கூடிப்போனால் நீலம் ஊதாவாகிவிடும். "நான் கேட்டது இது இல்லையே" என்று டப்பா திரும்பி வந்துவிடும். அப்படித் திரும்பி வந்த டப்பாக்களைக் கடை முதலாளி கொல்லைப்புறத்தில் அடுக்கி, தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தார்.

"தொடாதே!" என்றார் முதலாளி, மிளகு தார்ப்பாயைத் தூக்கியதும். "அதெல்லாம் தப்புக் கலர்ம்மா. வெளிய தெரிஞ்சா கடை மானம் போயிடும்."

"தப்புன்னு யாருக்குத் தெரியும் மாமா? கேட்டவங்களுக்குத்தானே அது தப்பு. கேக்காதவங்களுக்கு அது வெறும் கலர்தானே?"

முதலாளி தார்ப்பாயை இழுத்து மூடினார். அப்பா மெஷினுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு சிரிப்பை அடக்கினார்.

"உன் பொண்ணுக்கு வாய் ரொம்ப நீளம்பா."

"ஆமாங்க. கலக்கும்போதே ஒரு சொட்டு கூடிப்போச்சு."

முதலாளியால் அதற்கு மேல் முறைக்க முடியவில்லை. "ரெண்டு டப்பா எடுத்துக்கோ. ஆனா கடை பேரைச் சொல்லக் கூடாது. சரியா?"

ஊதா ஒன்று. வாடிப்போன ஆரஞ்சு ஒன்று.

எதை வரைவது? பட்டாசைக் கேட்டதற்கு, "ஒண்ணும் வேணாம்" என்று சொல்லிவிட்டான். ஆனால் மிளகுக்குத் தெரியும். பள்ளிக்குப் போகிற வழியில் பால்காரரின் மாடு கட்டியிருக்கும். தினமும் அதன் எதிரே நின்று, முதல்நாள் நடந்த கதையை எல்லாம் அதனிடம் சொல்லிவிட்டுத்தான் பட்டாசு நகர்வான்.

வெள்ளிக்கிழமை மாலை கடைக் கொல்லையில் பலகையைக் கிடத்தினாள். வானம் முழுக்க ஆரஞ்சு. அது காய்ந்ததும் நடுவில் ஊதா மாடு. உடம்பு பிரமாதமாக வந்தது. நாலு கால்களும் வந்தன. வால்தான் பாக்கி.

அங்கேதான் வந்தது வினை. கடையில் இருந்ததெல்லாம் சுவருக்கு அடிக்கிற பட்டைத் தூரிகை. அதை வைத்து வாலை இழுத்தாள். வால், கால் தடிமனுக்கு வந்து நின்றது. நுனியில் முடி வரையப் போனாள். அது குளம்பு மாதிரி ஆகிவிட்டது.

"அப்பா!" என்று அலறினாள். "மாட்டுக்கு அஞ்சு கால் வந்துடுச்சு!"

அப்பா வந்து, தலையை அந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தார். இந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தார். "வெள்ளை அடிச்சு மறைச்சுட்டு நாளைக்குப் புதுசா வரையலாமா?"

"நாளைக்கு வரைஞ்சா திங்கட்கிழமைக்குள்ள வாடை போகாதே! சிஸ்டர் மோந்து பாத்துத் திருப்பிடுவாங்க."

மிளகின் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. வேறு வழியே இல்லை. ஐந்து காலோடு மாடு வெயிலில் காய்ந்தது.

திங்கட்கிழமை மாலை. பெரிய சிஸ்டர் பலகையை மூக்கருகே கொண்டுபோய் மூன்று முறை முகர்ந்தார். ஈரத்துணியால் துடைத்தார். துணி வெள்ளையாகவே இருந்தது.

"ம். ஏத்துங்க."

கட்டிலுக்கு மேலே தூசு விழாமல் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டார்கள். கரண்ட் மாமா ஏணியில் ஏறி, வெள்ளைச் சதுரத்தை எடுத்துவிட்டு ஊதா மாட்டைச் சொருகினார். துணியை விலக்கினார்கள்.

பட்டாசு பார்த்தான்.

முகத்தில் ஒரு அசைவும் இல்லை. மிளகு விரலைப் பிசைந்தாள். அம்மா தட்டோடு அப்படியே நின்றாள்.

பட்டாசின் உதடு மெல்ல முணுமுணுத்தது. "ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு..."

மிளகு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"அக்கா! மாட்டுக்கு அஞ்சு காலு!"

"அது வந்துடா... அது வாலு..."

"பொய் சொல்லாதே! குளம்பு இருக்கு!" பட்டாசு களுக்கென்று சிரித்தான். "அது ஸ்பேர் காலுக்கா! ஒண்ணு உடைஞ்சா எடுத்து மாட்டிக்கலாம். எனக்குக் குடுத்திருந்தா நான் இந்நேரம் வீட்டுக்குப் போயிருப்பேன். அம்மா, அது என்ன சாப்பிடும்? அஞ்சு காலுக்கும் எலும்பு வளரணும்னா நிறைய சாப்பிடணும்ல? அது ஏன் ஊதாவா இருக்கு? பால் ஊதாவா வருமா? அம்மா, அந்த முட்டை எனக்கா?"

வெடித்துவிட்டது!

அம்மா முட்டையை ஊட்டினாள். அவசரத்தில் பாதி அவன் மூக்கில் அப்பியது. "அம்மா, வாய் கீழ இருக்கு" என்றான் அவன்.

சிரிப்புச் சத்தம் கேட்டு, பச்சைத் திரைகளுக்குப் பின்னாலிருந்து குரல்கள் கிளம்பின.

"என்ன மாடு? எங்களுக்குக் காட்டுங்க!"

"எனக்கும் ஒண்ணு வேணும்! ஆறு கால் வெச்சு!"

"எனக்குக் கப்பல்!"

பெரிய சிஸ்டர் எல்லாத் திரைகளையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு மிளகைப் பார்த்தார். "ஏய் மிளகு, அந்தப் பெயிண்ட் இன்னும் இருக்கா?"

மறுநாள் காலை கடை முதலாளியே வார்டுக்கு வந்துவிட்டார். யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றிவிட்டு, காலிக் கட்டிலில் படுத்தார். அங்கிருந்தே எட்டி மாட்டைப் பார்த்தார். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

"அந்த ஊதா நம்ம கடைதானே?" என்றார் கடைசியில்.

"பேரைச் சொல்லக் கூடாதுன்னீங்களே மாமா?"

"நான் எப்போ சொன்னேன்?" என்றார் முதலாளி, கூசாமல்.

அன்றைக்கே தார்ப்பாய் விலகியது. வெயில் பட்டதும் டப்பாக்களின் மூடிகளில் இருந்த நிறத் துளிகள் பளிச்சென்று தெரிந்தன. பாசிப் பச்சை, மங்கிய ரோஜா, பழுக்காத தக்காளி, பெயரே இல்லாத ஒரு நீலம். முதலாளி ஒரு அட்டையில் 'ஆஸ்பத்திரிக்கு' என்று எழுதி, குவியலின் மேல் சாய்த்து வைத்தார். கூடவே பொடித் தூரிகைகள் ஒரு கட்டு. "இனிமே வால் வாலா வரட்டும்" என்றார்.

வால் வாலாக வருவதை வார்டில் யாரும் விரும்பவில்லை. அவரவர் வீட்டு அண்ணன், அக்கா, அப்பா எல்லாரும் கொல்லையில் உட்கார்ந்து வரைந்தார்கள். கப்பல் வந்தது. ஆறு கால் குதிரை வந்தது. கரண்ட் மாமாவுக்கு ஏணியை ஓரமாக எடுத்து வைக்கவே நேரமில்லை.

மூன்று வாரம் ஓடியது. எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டர், "அட! நல்லாக் கூடிடுச்சே!" என்றார்.

பட்டாசு ஊன்றுகோலோடு கட்டிலருகே நின்றான். பெரிய சிஸ்டர் அவன் கன்னத்தைத் தட்டினார். "மாட்டை நீ வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாம். உன் மாடுதானே."

கரண்ட் மாமா ஏணியை விரித்தார். பட்டாசின் முகம் மலர்ந்தது. வீட்டில் எங்கே மாட்டுவது என்று அவன் ஒரு வாரமாகவே திட்டம் போட்டு வைத்திருந்தான்.

அந்த நேரம் பார்த்து வாசலில் தள்ளுவண்டி ஒன்று வந்தது. அதில் காலில் கட்டோடு ஒரு சின்னப் பெண். நாலு வயது இருக்கலாம். அழுது அழுது தொண்டை கட்டியிருந்தது. அவளை மெல்லத் தூக்கி, பட்டாசின் கட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்தார்கள்.

பட்டாசு மேலே பார்த்தான். கீழே பார்த்தான். மிளகைப் பார்த்தான். முடிவை மிளகு அவனிடமே விட்டாள். இது அவன் மாடு.

ஏணியில் கால் வைத்த கரண்ட் மாமாவின் சட்டையை அவன் பிடித்து இழுத்தான்.

"மாமா, இறங்குங்க. மாடு இங்கயே இருக்கட்டும்."

பிறகு ஊன்றுகோலைக் கட்டிலில் சாய்த்து வைத்துவிட்டு, அந்தப் பெண்ணின் காதருகே குனிந்தான்.

"பாப்பா, மேல பாரு. அதுல ஒண்ணு ஸ்பேர். எதுன்னு கண்டுபிடி பாப்போம்?"

விம்மல் நின்றது. ஈரக் கண்கள் மேலே போயின. சின்ன விரல் ஒன்று உயர்ந்தது.

"ஒண்ணு... ரெண்டு... மூணு..."

அவள் ஐந்து என்று சொல்லும்வரை வீட்டுக்குப் போக யாரும் அவசரப்படவில்லை.