அறுபது வாட்

டெஸ்டர் அந்த வீட்டு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தியபோது மணி இரண்டுதான். ஆனால் வானம் பொழுது சாய்ந்ததுபோல் இருட்டிக்கொண்டு நின்றது. காற்று இன்னும் கிளம்பவில்லை. ஒரு இலைகூட அசையவில்லை. அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை.

அவருக்குப் பிடிக்காதது, நம்பாதது என்று பட்டியல் போட்டால் ஊரே அதில் வந்துவிடும். முப்பது வருட எலெக்ட்ரீஷியன். "மெயினை ஆஃப் பண்ணிட்டேன்" என்று வீட்டுக்காரர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும், சட்டைப்பையிலிருந்து டெஸ்டரை உருவி வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வயரைத் தொடுவார். மாமியார் வீட்டு ஃபிரிட்ஜைக்கூட அப்படித்தான் திறந்தாராம். அதிலிருந்து அந்தக் கருவியின் பெயரே அவருக்கும் பெயராகிப் போனது.

"மனுஷன் பொய் சொல்லுவான், டெஸ்டர் சொல்லாது" என்பார். "ஒரு முனை கரண்டைத் தொடணும். மறுமுனையில ஒரு விரல் இருக்கணும். ரெண்டும் சேந்தாத்தான் உள்ள லைட் எரியும். இதுல யாரு ஏமாத்த முடியும்?"

இந்த வீட்டுக்கு வர முடியாது என்று இரண்டு முறை சொல்லிவிட்டார். விலாசத்தைக் கேட்டதுமே வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி போனை வைத்தார். மூன்றாவது முறை, அங்கே குடியிருக்கும் டீச்சர் போனில் அழுதுவிட்டாள். அப்பாவுக்கு நுரையீரல் போய்விட்டது, ஆக்ஸிஜன் மெஷின் இல்லாமல் அரை மணி நேரம் தாங்காது. ஆஸ்பத்திரிக்குப் போகும் பாலத்தை மூடிவிட்டார்கள், சிலிண்டர் கடைக்காரன் போனையே எடுக்கவில்லை. வீட்டில் இருப்பது சில நிமிடமே வரும் சின்ன சிலிண்டரும், ஒரு இன்வெர்ட்டரும், இரண்டு பழைய பேட்டரியும்தான். அதற்குமேல் மறுக்க டெஸ்டருக்கு நாக்கு எழவில்லை.

உள்ளே டீச்சர் ஒற்றை ஆளாகப் புயலுக்கு வீட்டைத் தயார் செய்திருந்தாள். ஜன்னல் கண்ணாடிகளில் குறுக்கும் நெடுக்குமாக டேப். பக்கெட், குண்டான், குழந்தைகள் குளிக்கும் டப் வரைக்கும் தண்ணீர். மேஜைமேல் மெழுகுவர்த்தியும் தீப்பெட்டியும் டார்ச்சும் பரீட்சைக்குப் போகிற மாதிரி வரிசையாக இருந்தன.

ஹாலை ஒட்டிய அறையில் பெரியவர் தலையணைகளில் சாய்ந்திருந்தார். மூக்கில் குழாய். பக்கத்தில் மெஷின் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

"நாப்பது வருஷம் கிரேன் மேல உக்காந்து ஊரையே கீழ பாத்தவன் தம்பி நான்" என்றார். "இப்ப என் பொண்ணு மூக்கணாங்கயிறு போட்டுக் கட்டி வெச்சிட்டா."

"சும்மா இருங்கப்பா. பேசினா மூச்சு வாங்கும்."

டெஸ்டர் சிரிக்கவில்லை. அவர் பார்வை பெரியவரைத் தாண்டிச் சுவரில் போய் நின்றது. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் பின்னறை.

"அந்த ரூம்ல யாரு இருக்கா டீச்சர்?"

"யாரும் இல்ல அண்ணே. ஓனரோட சாமான் இருக்காம். நாங்க வர்றப்பவே பூட்டித்தான் இருந்துச்சு. மூணு மாசம் ஆச்சு, நான் திறந்ததே இல்ல."

டெஸ்டர் வேலையில் இறங்கினார். பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றினார், முனைகளைச் சுரண்டினார். பிறகு பெரியவரை ஐந்தே நிமிடம் அந்தச் சின்ன சிலிண்டருக்கு மாற்றச் சொல்லிவிட்டு, எல்லா ஸ்விட்ச்சையும் அணைத்து, இன்வெர்ட்டரை மட்டும் ஓடவிட்டார். வீட்டில் எதுவும் எரியவில்லை, எதுவும் சுற்றவில்லை. எத்தனை வாட் இழுக்கிறது என்று காட்டும் இன்வெர்ட்டரின் எண் பூஜ்யமாக இருக்க வேண்டும்.

அறுபது காட்டியது.

"டீச்சர், ஃபிரிட்ஜை எதுலயாவது சொருகி இருக்கீங்களா? உண்மையைச் சொல்லிடுங்க."

"திருட்டுத்தனமா ஃபிரிட்ஜ் ஓட்டறேன்னு சொல்றீங்களா? எங்கப்பா மூச்சை வெச்சுக்கிட்டு?" டீச்சருக்கு முகம் சிவந்துவிட்டது.

மெஷினை நேராக மெயின் கரண்டில் மாட்டிவிட்டார். அடுத்து அவர் சந்தேகம் பக்கத்து வீட்டுத் தையல்காரர்மேல் போனது. மதில் ஓரமாக நடந்து, கள்ள வயர் ஏதாவது தாண்டிப் போகிறதா என்று ஒரு செங்கல் விடாமல் பார்த்தார். தையல்காரர் ஜன்னலில் நின்று, "என்ன டெஸ்டரே, மதிலுக்கு ஊசி போடறீங்களா?" என்று கேட்டார். வயர் எதுவும் இல்லை. திரும்பி வரும்போது முதல் காற்று அடித்தது. வாசல் கதவு அவர் முதுகுக்குப் பின்னால் தானாகச் சாத்திக்கொண்டது.

கணக்கு எளிது. மெஷினுக்கு முன்னூறு வாட். மெஷின் மட்டும் ஓடினால் பேட்டரி விடியும்வரை தாங்கும். கூடவே இந்த அறுபதும் இழுத்தால், விடிவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே நின்றுவிடும். அந்த இரண்டு மணி நேரம் பெரியவரிடம் இல்லை.

அறுபது வாட். இப்போது யார் வீட்டில் அறுபது வாட் பல்பு இருக்கிறது? எல்லோரும் ஒன்பதுக்கும் பன்னிரண்டுக்கும் மாறி எத்தனை காலமாயிற்று. அறுபது என்றால் பழைய குண்டு பல்பு, மஞ்சள் வெளிச்சத்தோடு தொட்டால் கை சுடுமே, அது.

அப்போதுதான் அந்த வாடை வந்தது. சூடான பல்பின்மேல் தூசி கருகுகிற வாடை.

பின்னறைக் கதவின் அடியில், தரையோடு தரையாக, மெல்லிய மஞ்சள் கோடு.

டீச்சரும் பார்த்தாள்.

டெஸ்டர் ஸ்டூலைப் போட்டு ஏறினார். அந்தக் கதவுக்கு மேலே, வயர்கள் சேரும் ஒரு ஜங்ஷன் பாக்ஸ். அதன் மூடியைத் திருகும்போது விரல்கள் வழுக்கின. உள்ளே என்ன இருக்கும் என்று அவருக்குத் தெரியும். இரண்டு அறுந்த முனைகள், தனித்தனியாகக் கறுப்பு டேப் சுற்றி, ஆறு வருடமாக அப்படியே கிடக்க வேண்டும்.

முனைகள் இணைந்திருந்தன.

கறுப்பு டேப்புக்கு மேல் ஒரு சுற்று மஞ்சள் டேப். அது அவருடைய அடையாளம். தன் வேலையைத் தானே அடையாளம் காண்பதற்காக முப்பது வருடமாக அப்படித்தான் முடிப்பார். ஊரில் வேறு யாரும் அப்படிச் சுற்றுவதில்லை.

இதை அவர் இணைக்கவில்லை. அவர் அறுத்ததுதான் உண்டு.

"என்ன அண்ணே, முகம் வெளிறிப் போச்சு?"

"ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு, கட்டிங் பிளேயரை வைத்து அழுத்தினார். 'டக்' என்றது. அறைக்குள் போகும் முனையில் டெஸ்டரை வைத்து, தலையில் விரலை அழுத்திப் பார்த்தார். எரியவில்லை. இரண்டு முனைகளிலும் தனித்தனியாக டேப்பைச் சுற்றி மூடினார்.

"பூஜ்யம் ஆயிடுச்சு அண்ணே!" இன்வெர்ட்டர் பக்கமிருந்து டீச்சர் சந்தோஷமாகக் கத்தினாள்.

மஞ்சள் கோடு மறைந்தது. உள்ளேயிருந்து ஒரு சத்தம்.

டிங்.

கண்ணாடி வளையல் இரும்பில் தட்டுகிற சத்தம்.

அதே சத்தம். ஆறு வருடத்துக்கு முன் இதே ஸ்டூல் உயரத்தில், இதே மாதிரி ஒரு மதியம், அவர் கேட்ட சத்தம்.

மெஷினை மறுபடி இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றிவைத்தார். ஐந்து மணிக்குக் காற்று ஊளையிட ஆரம்பித்தது. இனி ஸ்கூட்டரில் வீட்டுக்குப் போக முடியாது. ஆறு மணிக்குத் தெருவில் ஏதோ வெடித்துக் கரண்ட் போனது. மெஷின் ஒரு நொடி மூச்சை நிறுத்தி, இன்வெர்ட்டரைப் பிடித்துக்கொண்டு மறுபடி மூச்சு விட்டது. டீச்சர் அப்பாவின் கையைப் பிடித்தபடி, "எவ்வளவு காட்டுது அண்ணே?" என்றாள்.

டெஸ்டர் டார்ச்சை அடித்துப் பார்த்தார்.

முன்னூற்று அறுபது.

இருவரும் ஒரே நேரத்தில் பின்னறைப் பக்கம் திரும்பினார்கள். மஞ்சள் கோடு.

ஸ்டூலில் ஏறி மூடியைத் திறந்தார். முனைகள் இணைந்திருந்தன. டேப் புதிது. மேலே ஒரு சுற்று மஞ்சள்.

"நீங்கதானே கடைசியா ஏறினீங்க?" டீச்சரின் குரல் மாறியிருந்தது. "என்ன விளையாட்டு இது? ஒத்த பொம்பள, சீக்காளி அப்பான்னு பயமுறுத்திப் பாக்கறீங்களா?"

"நான் உங்க கூடவேதானே இருந்தேன் டீச்சர்? நீங்க ஏறலையே?"

"எனக்கு ஃபியூஸ் போடவே தெரியாது!"

ஒருவரை ஒருவர் திருடனைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த நேரத்தில் அறைக்குள்ளிருந்து பெரியவர், மூச்சுக்கு நடுவே, மெதுவாகச் சொன்னார்:

"அவர ஏம்மா திட்டற. ஒட்டினது அந்தம்மாதான்."

டீச்சர் ஓடினாள். "யாருப்பா?"

"பக்கத்து ரூம்ல இருக்காங்களே. தினம் சுவத்துல தட்டுவாங்க. நானும் தட்டுவேன். இருட்டுன்னா ரொம்பப் பயமாம்." பெரியவர் டெஸ்டரைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "போன புயல்ல அவங்க கரண்டை நீதான் புடுங்கினியாமே தம்பி?"

டெஸ்டர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். ஆறு வருடமாகச் சம்சாரத்திடம்கூடச் சொல்லாததை அங்கே சொன்னார்.

ஆறு வருடத்துக்கு முன் வந்த புயலின்போது இங்கே குடியிருந்தவன், இன்வெர்ட்டரில் ஹால் ஃபேன் அதிக நேரம் ஓட வேண்டும் என்று, பின்னறை லைனை மட்டும் அறுக்கச் சொன்னான். வெறும் சாமான் ரூம் என்றான். அறுத்தபோது உள்ளே வளையல் தட்டியது. என்ன சத்தம் என்று கேட்டார். எலி என்றான். ஊரில் எவனையும் நம்பாத டெஸ்டர் அன்றைக்கு மட்டும் நம்பினார். மழை வருவதற்குள் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. அவ்வளவுதான் காரணம். அந்த அறையில் அவன் மனைவி, இடுப்புக்குக் கீழே விளங்காமல், இரும்புக் கட்டிலில் கிடந்தாள். வெள்ளம் ஏறியதும் அவன் மட்டும் கிளம்பிப் போய்விட்டான். மூன்றாம் நாள்தான் கதவைத் திறந்தார்களாம். டீக்கடையில் இதைக் கேட்டபோது, பாதி டீயோடு எழுந்து போனவர், அதன்பிறகு இந்தத் தெருப் பக்கமே தலை காட்டவில்லை.

"அது எலி இல்லன்னு எனக்குத் தெரியும் ஐயா" என்றார். "அப்பவே தெரியும்."

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தக் கண்களில் இப்போது சந்தேகம் இல்லை. வெறும் அருவருப்பு இருந்தது. மறுகணமே இன்வெர்ட்டரைத் திரும்பிப் பார்த்தாள். "மறுபடியும் அறுத்துடுங்க அண்ணே. எனக்கு எங்கப்பா வேணும்."

"அறுத்தா ஒட்டிக்கும்மா" என்றார் பெரியவர். தலையணைக்கு அடியில் கைவிட்டு எதையோ எடுத்து நீட்டினார்.

துருப்பிடித்த சாவி.

"இது எப்படிப்பா உங்ககிட்ட?"

பெரியவர் சுவரைக் காட்டினார்.

டெஸ்டர் கொட்டுகிற மழையில் இறங்கி ஓடினார். ஓடு ஒன்று காதோரமாகப் பறந்து விழுந்தது. ஸ்கூட்டரின் பேட்டரியைக் கழற்றி, முன்விளக்கைப் பிடுங்கி, இரண்டையும் சட்டைக்குள் பொத்திக்கொண்டு வந்தார். பின்னறைப் பூட்டு, எண்ணெய் போட்டதுபோல் சத்தமின்றித் திறந்தது.

மெத்தை இல்லாத இரும்புக் கட்டில். கூரையிலிருந்து தொங்கும் ஹோல்டர். அதில் பல்பே இல்லை.

ஆனால் அறை முழுக்க மஞ்சள் வெளிச்சம்.

டெஸ்டர் கட்டிலின் காலடியில் உட்கார்ந்து, ஸ்கூட்டர் பேட்டரியில் விளக்கைப் பொருத்தினார். எரிந்தது. வெறும் கட்டிலைப் பார்த்துச் சொன்னார்:

"அம்மா, அந்தப் பெரியவருக்கு மூச்சு வேணும். அந்தக் கரண்டை விட்டுடுங்க. இந்த வெளிச்சத்தை வெச்சுக்குங்க. இந்தத் தடவை அணைக்க மாட்டேன். விட்டுட்டும் போக மாட்டேன். நான் கூடவே இருக்கேன்."

வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு மஞ்சள் வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி அணைந்தது. ஸ்கூட்டர் விளக்கு மட்டும் மிஞ்சியது. ஹாலிலிருந்து டீச்சரின் அழுகைக் குரல் வந்தது. "முன்னூறு அண்ணே! முன்னூறு!"

டெஸ்டர் விடியும்வரை அந்தக் கட்டில் காலைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். இரவில் எத்தனையோ முறை இரும்பு அதிர்ந்தது. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

காலையில் காற்று அடங்கியது. பேட்டரி கடைசி மூச்சில் இருந்தபோது பாலத்தைத் திறந்துவிட, ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. பெரியவர் ஸ்ட்ரெச்சரில் போகும்போது சுவரை ஒரு முறை தட்டினார். பதில் தட்டு வரவில்லை. அவர் நெற்றி சுருங்கியது. "தம்பி, அவங்க உள்ள இல்ல" என்றார். டெஸ்டர் அதை நல்ல சேதியாக எடுத்துக்கொண்டார். நெஞ்சில் ஆறு வருடமாக உட்கார்ந்திருந்த பாறாங்கல்லை யாரோ தூக்கிப் போட்டதுபோல் இருந்தது.

பேட்டரி தீர்ந்துபோன ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். வண்டி வழக்கத்துக்கு மாறாகக் கனத்தது, பின்சீட்டில் ஆள் உட்கார்ந்திருந்தால் கனக்குமே, அப்படி. டயரில் சேறு என்று நினைத்துக்கொண்டார்.

பகல் முழுக்க அடித்துப் போட்டதுபோல் தூங்கினார். பொழுது சாயும் நேரத்தில் சம்சாரம் எழுப்பிச் சாப்பிட உட்கார வைத்தாள். ஊரில் எங்குமே கரண்ட் இல்லை. நாலு நாள் ஆகும் என்றார்கள். ஒரே ஒரு மெழுகுவர்த்தி. வாசல் காற்றில் அதுவும் அணைந்துபோனது.

"இருங்க, தீப்பெட்டி எடுக்கறேன்" என்றவள், எழுந்தவள், அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னங்க, பாக்கெட்ல ஏதோ எரியுது?"

டெஸ்டர் குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தார். சட்டைப்பையில் செருகிய டெஸ்டர், எந்த வயரையும் தொடாமல், தலையில் ஒரு விரல் பட்டதுபோல் செம்மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. தூசி கருகுகிற வாடை வந்தது.

அவருடைய வலது கை தட்டில் இருந்தது. இடது கை தண்ணீர்த் தம்ளரைப் பிடித்திருந்தது.