அசையாம நில்லு

விரிசல் என்றால் போகப் போக மெலிய வேண்டும். முடியளவாகி, அதைவிடவும் மெல்லியதாகி, கடைசியில் எங்கே முடிகிறதென்றே தெரியாமல் சுவரில் கரைந்துபோக வேண்டும். அந்த வீட்டுப் பின்னறையில் இருந்த விரிசல் அப்படிச் செய்யவில்லை. தரையிலிருந்து நேராகக் கிளம்பி, அவன் நெஞ்சு உயரத்துக்கு வந்து, அதே அகலத்தோடு சட்டென்று நின்றிருந்தது.

விரிசல் பார்ப்பதுதான் அவன் பிழைப்பு. ஓர் இடத்தில் பெரிய கட்டடத்துக்குக் குழி தோண்டுமுன் அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போய், எந்தச் சுவர் இப்போது எப்படி இருக்கிறதென்று படம் பிடித்து எழுதி வைக்க வேண்டும். நாளைக்கு யாரும் "உங்களால்தான் என் வீடு விரிசல் விட்டது" என்று சண்டைக்கு வரக்கூடாதல்லவா? ஒவ்வொரு விரிசலின் முனையிலும் பென்சிலால் குறுக்கே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுவான். பிறகு கோட்டைத் தாண்டியிருந்தால் விரிசல் வளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். கோடு போட்டு முடித்ததும் சுவரைப் பார்த்து, "அசையாம இங்கேயே நில்லு" என்பான். இதைச் சொல்லிச் சொல்லியே ஆபீசில் அவனை ஓட்டுவார்கள். விசேஷ வீட்டுக்குப் போனாலும் மனிதர்களை விட்டுவிட்டுக் கூரையைப் பார்க்கிற ஜன்மம் என்று மனைவி தலையில் அடித்துக்கொள்வாள்.

பின்னறைக்கு ஜன்னல் இருந்தும் பிரயோஜனமில்லை. பக்கத்து மனையைச் சுற்றி அடித்திருந்த தகரம் பகலையே மறைத்துவிட்டிருந்தது. காற்று வரும்போதெல்லாம் அது நெளிந்து முனக, முன்னறையில் வீட்டுக்கார அம்மாவின் தையல் மெஷின் ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது. மெஷின் எண்ணெயும் ஈரச் சுண்ணாம்பும் கலந்து அடித்த வாசனைக்கு அடியில் வேறு ஏதோ ஒன்று மூக்கைத் தொட, அவன் விரிசலுக்குப் பக்கத்தில் குனிந்து முகர்ந்தான். விளையாடிவிட்டு ஓடிவருகிற குழந்தையின் வியர்த்த தலை வாசனை. தினமும் சாயங்காலம் அவன் மகளின் தலையில் அடிப்பதும் இதுதான். பார்க்கில் பெரிய ராட்டினம் ஏற ஒரு விரற்கடை உயரம் போதவில்லை என்று ஒரு வாரமாக அவள் வீட்டை இரண்டாக்கிக்கொண்டிருந்தாள்.

டார்ச்சை அடித்தான். விரிசலை ஒட்டியே பழைய பென்சில் கோடுகள், கீழிருந்து மேலாக. ஒவ்வொன்றுக்கும் தேதி.

"இதுக்கு முன்னாடி யாராச்சும் வந்து அளந்தாங்களாம்மா?"

மெஷின் நின்றது. அந்த அம்மா கதவருகே வந்தார். கழுத்தில் தொங்கிய அளவு டேப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"இல்லீங்க சார். அது என் பையன் உயரம். பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் நான் போட்ட கோடு."

"இப்ப பையன் எங்க இருக்காரு?"

"எங்க போவான்? இங்கதான் இருக்கான்." அவர் பேசியது சுவரைப் பார்த்து. "தனியாவே நிக்கிறான், பாவம்."

பிள்ளை இல்லாமல் போன சோகம் போலிருக்கிறது என்று அவன் நினைத்துக்கொண்டான். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து விரிசலின் முனையில் கோடு போட்டான். சுண்ணாம்புச் சுவரில் பென்சில் கரகரவென்று உரசும். இங்கே அது உரசவே இல்லை. மெத்தென்று அமுங்கியது. பழக்க தோஷத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அசையாம இங்கேயே நில்லு."

"நானும் அப்படித்தான் சொன்னேன்" என்றார் அந்த அம்மா.

மற்ற அறைகளை அவன் பார்த்தும் பார்க்காததுமாக முடித்தான். படிவத்தில் பின்னறைக்கு நேரே 'விரிசல், ஏற்கெனவே உள்ளது' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு செருப்பை மாட்டும்போது, உள்ளிருந்து அந்த அம்மாவின் குரல் தணிந்து கேட்டது.

"எக்காத கண்ணா. குதிகாலைக் கீழ வை. சார்தான் அளந்துட்டாருல்ல."

அவன் திரும்பிப் பார்க்காமல் தெருவுக்கு வந்துவிட்டான்.

வீட்டுக்குள் நுழையும்போது விளக்கு வைக்கிற நேரம். மனைவி அடுக்களையில் பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்தாள். மகள் அவன் கையைப் பிடித்து நேராகப் படுக்கையறைக்கு இழுத்துப் போனாள். அங்கே சுவரில் அவளுடைய கோடுகள் இருந்தன. போன வருஷத்துக் கோடு, அதற்கு முந்தைய வருஷத்துக் கோடு.

"அப்பா, இன்னைக்கு நான் வளந்துட்டேன். அளந்து பாரு!"

சுவரோடு முதுகை ஒட்டி நின்றாள். வியர்த்த தலை. சிரிப்பை அடக்கிக்கொண்டு குதிகாலைத் தூக்கி எக்கியிருந்தாள், கள்ளி.

"ஏய் வாண்டு, எக்காத. குதிகாலைக் கீழ வை."

சொன்ன பிறகுதான் அந்தச் சொற்கள் அவன் காதில் விழுந்தன. அதற்குள் மகள் சமர்த்தாகக் குதிகாலை இறக்கிவிட்டாள். பென்சிலும் காதிலிருந்து கைக்கு வந்துவிட்டது. கோடு போட்டு நாளெல்லாம் பழகிய கை.

"அசையாம இங்கேயே நில்லு."

பென்சில் உரசவில்லை. மெத்தென்று அமுங்கியது.

"டீ ஆறுது, எத்தனை தடவை கூப்பிடறது?" என்றாள் மனைவி, அடுக்களையிலிருந்து. அவன் கதவுப் பக்கம் தலையைத் திருப்பினான். அவ்வளவுதான். ஒரு தடவை திருப்பினான்.

திரும்பினால் சுவர்.

"வாண்டு?"

கட்டிலுக்கடியில் இல்லை. கதவுக்குப் பின்னால் இல்லை. ஜன்னல் சாத்தியிருந்தது. சுவருக்கும் கதவுக்கும் நடுவில் அவனே நின்றிருந்தான். அவனைத் தாண்டி யாரும் போகவில்லை.

சுவரில் விரிசல்.

தரையிலிருந்து நேராக. மெலியாமல். அவன் போட்ட கோடு வரை.

குனிந்தான். அவள் தலை வாசனை.

"என்ன அப்படிப் பாக்கறீங்க?" மனைவி டம்ளரோடு வந்து பின்னால் நின்றாள். "இங்கதானே சிரிச்சிட்டிருந்தா? புள்ள எங்க?"

அவன் கையைச் சுவருக்குக் கொண்டுபோனான். தொடப் பயம். தொடாமலிருக்கவும் பயம்.

அவன் கண்ணெதிரிலேயே விரிசலின் முனை கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை மேலே எழும்பியது. எழும்பி, லேசாக ஆடியபடி, கொஞ்ச நேரம் அப்படியே நின்றது.

பிறகு, கால் வலித்ததுபோல, மெல்லக் கீழே இறங்கியது.