சைமன் வைத்த மரம்

மூன்று நாளாக அடுப்பு பற்றவைக்காத வீட்டில் பெருங்காயம் மணத்தது.

மனைவி ஜானட் இரண்டாவது பேரப்பிள்ளையை எதிர்பார்த்து நெட்டுக்குப்பத்தில் மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். ஒண்டியாக இருந்த சவரிநாதன் வெந்நீர்கூட வைத்துக்கொண்டதில்லை. டீக்குத் தெருமுனைக் கடை, சாப்பாட்டுக்குப் பக்கத்து வீட்டு வியாகுலம்மாள் சுவருக்கு மேலே நீட்டுகிற தூக்குச்சட்டி. அதில் தினமும் மீன்குழம்புதான். மீன்குழம்பில் எந்தப் பைத்தியமும் பெருங்காயம் போடாது. அப்படியிருக்க, சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்தவரை மத்தியானம் இரண்டு மணிக்கு அந்த வாசம்தான் எழுப்பி உட்காரவைத்தது. தாளித்த வாசமென்றால் பசி எடுக்கும். இது பச்சை நெடி. ஈரத்தோடு வந்து தொண்டையில் ஒட்டிக்கொண்டு இறங்க மறுத்தது.

துறைமுகத்தில் முப்பது வருடம் கிரேன் ஓட்டிய மூக்கு அவருடையது. டீசலும் கருவாடும் கந்தகத்தூளும் அதற்குத் தூசு. ஆனாலும் எழுந்துபோய் அடுக்களையை முகர்ந்து பார்த்தார். அஞ்சறைப்பெட்டியைத் திறந்து மூடினார். கடுகு டப்பாவைக்கூட விடவில்லை. பார்க்க ஆளில்லாத வீட்டில் தனக்குத்தானே ஆடிக்கொண்ட நாடகம் அது. வாசம் எங்கிருந்து வருகிறது என்று அவருக்குத் தெரியும். தெரிந்ததால்தான் பின்கதவுப் பக்கம் மட்டும் போகவில்லை.

பின்கதவுக்கு அந்தப் பக்கம் பட்டுப்போன பாதாம் மரம் நின்றது.

மரம் வியாகுலம்மாளுடையது. ஆனால் அது பாதிதான் அவள் பேச்சைக் கேட்டது. அடிமரம் பெருத்துப் பொதுச்சுவரைப் பிளந்து, சட்டையை மீறின தொப்பை மாதிரி இவர் பக்கம் பிதுங்கியிருந்தது. கிளைகள் இவர் மொட்டைமாடியில் பாதியைப் பிடித்துக்கொண்டன. முறம் முறமாக இலை விழுந்து தண்ணீர்க்குழாயை அடைத்து, மழைக்கு மாடி குளமாகி, படுக்கையறைத் தளம் ஊறிப்போனது. போன கார்த்திகையில் ஒரு பெயர்ந்த காரை, பேரன் படுத்திருந்த தலையணைக்கு ஒரு முழம் தள்ளி வந்து விழுந்தது. ஆக, அவருடைய கோபத்தில் நியாயம் இருந்தது. அதை அவர் தனக்கே பலமுறை சொல்லிக்கொண்டுமிருந்தார்.

கிளையையாவது கழிக்கலாம் என்று மூன்று தரம் கேட்டுப் பார்த்தார்.

"இன்னா சவரி பேசுற? சைமன் வெச்ச மரம் அது. அது பச்சையா கீற வரிக்கும் எம்புள்ள எங்கியோ உசுரோட கீறான்," என்றாள் வியாகுலம்மாள்.

சைமன் அவளுடைய ஒரே மகன். ஏழு வருடத்துக்கு முன் காசிமேட்டிலிருந்து போன படகு புயலில் கவிழ்ந்தது. கூடப் போனவர்களின் உடல்கள் ஒவ்வொன்றாகக் கரைக்கு வந்தன, சைமன் மட்டும் வரவில்லை. அவன் ஆன்மாவுக்குப் பூசை வைக்கலாம் என்று சாமியார் சொன்னபோது அவள் கோயில் வாசலிலேயே அவரோடு சண்டை போட்டாள். உடம்பு கிடைக்காதவனுக்கு என்ன பூசை? அவனுடைய நீலத் துண்டை வாரா வாரம் துவைத்து அந்த மரத்தின் தாழ்ந்த கிளையில் காயப்போடுவாள். ஈரத்தோடு வருவான், தலை துவட்ட வேண்டாமா என்பாள். அதைச் சொல்லிச் சவரிநாதனும் ஜானட்டும் ராத்திரிச் சாப்பாட்டில் சிரித்ததுண்டு. இப்போது நினைத்தால் அந்தச் சோறே நெஞ்சில் நின்றது.

தன் பக்கம் வந்த கிளையை மட்டும் வெட்டியிருந்தால் இரண்டு நாள் சண்டை, மூன்றாம் நாள் சமாதானம் என்று போயிருக்கும். அவர் செய்தது வேறு.

பெரிய வெள்ளிக்கிழமை அன்று முதுகுவலி என்று படுத்துக்கொண்டார். ஜானட் போனாள், வியாகுலம்மாள் போனாள், தெருவே கோயிலுக்குப் போய்விட்டது. மூன்று மணிக்கு, அங்கே எல்லோரும் முழங்காலில் நிற்கிற நேரத்தில், இவர் இங்கே மரத்தடியில் முழங்காலிட்டு டிரில்லிங் மெஷினை ஓட்டினார். தரையிலிருந்து அரைச் சாண் உயரத்தில், கணுக்கால் மட்டத்தில், விரல் முழுக்கப் போகிற ஆழத்துக்கு ஒரு துளை. பெருங்காயம் வைத்தால் எந்த மரமும் பட்டுப்போகும் என்று துறைமுகத்தில் யாரோ சொன்னது நினைவிருந்தது. முந்தின நாளே தவசிமுத்து அண்ணாச்சி கடையில் கட்டிப் பெருங்காயம் வாங்கியிருந்தார்.

"இவ்வளவா? என்ன சார், ஊறுகாயா போடுதிய?" என்று கேட்டார் அண்ணாச்சி.

"ஆமா. மாங்கா."

முதல் பொய் அது. பிறகு அவை தாமாகவே வந்தன.

பிசைந்து திணித்த பெருங்காயத்துக்கு மேல் சிமென்ட் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தி மூடினார். அந்த விரலின் நடுவில் இரும்புவடம் அறுத்த பழைய தழும்பு ஒன்று உண்டு. ஈரச் சிமென்டில் ரேகையும், ரேகைக்குக் குறுக்கே ஒரு கோடும் பதிந்தன. பார்த்தார். அழிக்கவேண்டும் என்று தோன்றவில்லை.

அப்போதுதான் விட்டிருந்த தளிர்கள் நுனியிலிருந்து கருகத் தொடங்கின. ஜூன் மாதத்தில் ஓர் இலை மிச்சமில்லை. வியாகுலம்மாள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாள். அவளுக்கு மூச்சு வாங்குவதைப் பார்த்து இவரும் போய்க் குடம் தூக்கினார். அதைவிடக் கேவலமான வேலையை அவர் வாழ்நாளில் செய்ததில்லை.

"இன்னா சவரி ஆச்சு இதுக்கு? நீ வெவரம் தெரிஞ்சவன். சொல்லு."

"உப்புத்தண்ணிக்கா. கடல் தண்ணி அடில பூந்துட்ச்சி. அத்தான் வேரு பூட்ச்சி."

வாய்க்கு வந்ததைச் சொன்னார். அவள் மரத்தில் கைவைத்தாள்.

"கடல் தண்ணியா?" என்றாள். "அப்ப எம்புள்ளயயும் அதான் கொண்டுனு பூட்ச்சி."

அடுத்த வாரமே பூசைக்குச் சொல்லிவிட்டாள். வீட்டில் ஆம்பிளை இல்லை, சைமன் படத்தை நீதான் தூக்கிக்கொண்டு வரவேண்டும் என்றாள். சவரிநாதன் தூக்கினார். சட்டத்துக்குள்ளிருந்து இருபத்தாறு வயதுப் பையன் பல் தெரியச் சிரிக்க, அவனை மார்போடு அணைத்துக்கொண்டு, தெரு முழுக்கப் பார்க்க நடந்தார். நற்கருணைக்கு எல்லோரும் எழுந்தபோது அவரால் எழ முடியவில்லை. முட்டிவலியா என்று பக்கத்திலிருந்தவர் கேட்டார். ஆமாம் என்றார்.

அன்றிலிருந்து நீலத் துண்டு கிளையில் காயவில்லை. மகன் செத்தான் என்று ஒரு தாய் நம்பியது இவர் வாயிலிருந்து வந்த ஒரு சொல்லால். மரம் தானாகச் சாகவில்லை, நான்தான் கொன்றேன் என்று ஒரு வார்த்தை சொன்னால், அவளுடைய மகன் மறுபடி எங்கேயோ உயிரோடு இருக்கத் தொடங்குவான். தூக்குச்சட்டி சுவருக்கு மேலே வரும்போதெல்லாம் சொல்லிவிட நினைத்தார். "நல்லா துன்னு, ஜானட் வர்றதுக்குள்ள எளச்சிடாத," என்பாள் அவள். சட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே வந்துவிடுவார். வெட்கம் பிடுங்கித் தின்றது. இருந்தும் குழம்பையும் தின்றார்.

ஜானட் போன அன்று மாடியில் ஓர் இலை கிடந்தது.

பெரிய பச்சைப் பாதாம் இலை. மேலே மொட்டைக் கிளை, சுற்றுவட்டாரத்தில் வேறு பாதாம் கிடையாது. குனிந்து எடுத்தார். நனைந்திருந்தது. கல் வெடிக்கிற ஆகஸ்ட் வெயிலில், பல நாளாக மழையே பார்க்காத மாடியில், இலை நுனியிலிருந்து சொட்டியது. விரலை நாக்கில் வைத்ததும் கரித்தது. மறுநாள் ஏழெட்டு இலைகள். அவற்றைக் கூட்டித் தள்ளும்போது கீழே பின்கட்டில் யாரோ நடக்கிற சத்தம் கேட்டது. ஒரு கால் சொத்தென்று விழுந்தது. இன்னொரு கால் தரையோடு இழுபட்டு வந்தது. எட்டிப் பார்த்தால் துவைக்கிற கல்லும் வாளியும்தான். கல்லின் மேல் வெள்ளையாக உப்பு பூத்திருந்தது.

ஜானட்டுக்குப் போன் போட்டார்.

"இன்னாங்க, குரலே ஒரு மாதிரி கீது?"

"ஒண்ணுமில்ல. சூடு."

இன்று வாசமும் வந்துவிட்டது. அடுக்களையில் நின்றபடி காதைத் தீட்டிக்கொண்டார். கூடத்தில் மின்விசிறி சுற்றியது. வெகுதூரத்தில் துறைமுகச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் ஒன்றுக்குப் பின் ஒன்றாகப் பொறுமையில்லாமல் ஹாரன் அடித்தன. அதற்கெல்லாம் அடியில், பின்கதவை ஒட்டி, ஈரத்துணியிலிருந்து வடிகிற மாதிரி ஒரு சொட்டு. கொஞ்சநேரம் கழித்து இன்னொரு சொட்டு. கதவுக்கடியில் தண்ணீர் மெல்ல உள்ளே வந்து அவர் கால்விரலைத் தொட்டது. சில்லென்றிருந்தது. பின்கட்டில் சொத்தென்று ஒரு கால் விழுந்தது.

அப்புறம் இழுப்பு.

ஓடிப்போய்த் தெருவில் நின்றிருக்கலாம். ஓடவில்லை, அது தைரியமும் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் வியாகுலம்மாள் பாத்திரம் விளக்குகிற சத்தம் கேட்டது. ஒரு மனிதச் சத்தம். அவளிடம் சொல்லிவிட்டால் இது நின்றுவிடும் என்று எப்படியோ பட்டது. துளையைத் திறந்து உள்ளே இருப்பதைத் தோண்டி எடுத்து, அவள் கண்ணெதிரே வைத்து, காலில் விழுந்துவிடவேண்டும். பரணிலிருந்து உளியை எடுத்தார். கதவைத் திறந்தார்.

வெயில் முகத்தில் அறைந்தது. பின்கட்டில் ஒருவரும் இல்லை. சிமென்டுத் தரையில் ஈரக் காலடிகள் இருந்தன. ஒரு தடம் முழுதாக, பக்கத்தில் ஒரு கோடு. தடம், கோடு. மரத்தடியில் தொடங்கி அவர் வாசற்படி வரை வந்திருந்தன.

திரும்பிப் போன தடம் இல்லை.

மரத்தின் முன் முழங்காலிட்டார். துளை திறந்து கிடந்தது. சிமென்ட் அடைப்பைக் காணோம். உடைந்த துண்டுகூட இல்லை, யாரோ பத்திரமாகக் கழற்றிக்கொண்டு போனதுபோல. உள்ளேயிருந்து தண்ணீர் கசிந்தது. நெடி கண்ணை எரித்தது. கண்ணீர் அதனால்தானா என்று அவருக்கே தெரியவில்லை.

"யக்கா!" என்று கூப்பிட்டார். "யக்கா, கொஞ்சம் வாயேன். உன்னாண்ட ஒண்ணு சொல்லணும்."

பாத்திரச் சத்தம் நின்றது. சுவரின் மேல் அவள் தலை எழும்பியது.

"இன்னா சவரி? ஏன் அழுவுற?"

"இந்த மரம்... உப்புத்தண்ணி இல்லக்கா. நான்..."

அவள் அவரைப் பார்க்கவில்லை. அவர் தலைக்கு மேலே, அவருடைய வாசற்படிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு வருடமாக அந்த முகத்தில் இல்லாத ஒன்று மெல்ல அதில் வந்தது. பல்லில்லாத வாய் திறந்தது. சிரித்தாள்.

"வந்துட்டியாடா?"

அவர் பின்னால் ஒரு சொட்டு விழுந்தது.

"இரு. இருடா." தலை மறைந்தது. அவசரமாக ஓடுகிற காலடி. மறுபடி தலை. கையில் நீலத் துண்டு. சுவருக்கு மேலே நீட்டினாள். "இந்தா, தலைய தொவட்டு. எவ்ளோ ஈரம்!"

சொத்.

இழுப்பு.

சவரிநாதன் திரும்பவில்லை. உளி கையிலிருந்து விழுந்தது.

"டேய், நம்ம வூடு இங்க கீது," என்றாள். சிரிப்பு அப்படியே இருந்தது, அதற்குள் ஒரு குழப்பம் மட்டும் சேர்ந்தது. "அங்க இன்னாத்துக்குடா நிக்கிற? சவரி, இவன் இன்னாத்துக்கு உன் வூட்டாண்ட வந்து நிக்கிறான்?"

பெருங்காயம். மூச்சு முழுக்கப் பெருங்காயம்.

அவர் கண்கள் தரையிலேயே இருந்தன. முழங்காலுக்குப் பக்கத்தில் ஒரு கால் வந்து நின்றது. வெறுங்கால். தண்ணீரில் வெளுத்து ஊறின கால். விரல் நுனிகள் மட்டும் கருகிச் சுருண்டிருந்தன. மற்ற கால் பின்னாலிருந்து மெதுவாக இழுபட்டு வந்து அதோடு சேர்ந்தது.

கணுக்காலில் ஒரு துளை இருந்தது. சிமென்டால் மூடியிருந்தது. வழவழவென்று, வேலை தெரிந்த கை மூடியதுபோல. நடுவில் ஒரு கட்டைவிரல் ரேகை. ரேகைக்குக் குறுக்கே ஒரு கோடு.

பிடரியில் ஒரு சொட்டு விழுந்து முதுகில் இறங்கியது. சுவருக்கு மேலே நீலத் துண்டு இன்னும் நீண்டபடி இருந்தது.

"இன்னாவோ சொல்லணும்னியே சவரி," என்றாள் வியாகுலம்மாள். "சொல்லு. அவனும் கேக்கட்டும்."